பம்ப்செட் கிளாண்டுக் கயிறு: அளவெடுப்பது எப்படி?

(வானொலி உரை)



விதை நேர்த்தி, மேலுரம், பயிர்ப் பாதுகாப்பு என்று எத்தனையோ விஷயங்களை நாம் பேசுகிறோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருகிற பம்ப்செட்டில், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான கயிறு ஒன்று இருக்கிறது. கிளாண்டுக் கயிறு என்று சொல்கிறோமே, அதுதான். அதற்கு எப்படி அளவெடுப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

"இதற்கெல்லாம் ஒரு பேச்சா? மெக்கானிக் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்று நீங்கள் கேட்கலாம். பார்த்துக்கொள்வார்தான். ஆனால் கடலை விழுது இறங்கும் சமயத்தில் பம்ப் தண்ணீர் எடுக்காமல் நின்றால், மெக்கானிக் வருகிற வரைக்கும் செடி காத்திருக்காது. பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் மூன்றிலும் மண்ணில் ஈரம் இல்லையென்றால் விளைச்சல் விழுந்துபோகும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போனது போனதுதான். ஆகவே இந்த வேலையை ஒவ்வொரு விவசாயியும், வீட்டில் உள்ள பிள்ளைகளும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்புகளில் இந்தக் கயிறு கிடையாது. இப்போது வருகிற பல மோனோபிளாக் பம்புகளிலும் கயிற்றுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல் என்ற பொருத்தியை வைத்துவிடுகிறார்கள். அவற்றில் தண்ணீர் ஒழுகவே கூடாது. ஒழுகினால் சீலை மாற்ற வேண்டும். திறந்த கிணறு, ஆறு, வாய்க்கால், பண்ணைக் குட்டை ஆகிய இடங்களில் மோட்டாரோ ஆயில் எஞ்சினோ வைத்து ஓட்டுகிறோமே, கயிறு போட்ட சென்ட்ரிபியூகல் பம்ப், அதற்குத்தான் இந்தப் பேச்சு பொருந்தும்.

கயிற்றுக்கு என்ன வேலை?

பம்புக்குள்ளே இம்பெல்லர் சுழல்கிறது. அதைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு வெளியிலிருந்து உள்ளே போகிறது. தண்டு சுழல வேண்டுமானால் அது நுழைகிற ஓட்டை தண்டைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். அப்படியானால் சுற்றிலும் ஒரு சந்து விழுமல்லவா? அந்தச் சந்தை அடைப்பதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு கூடு வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதை ஸ்டஃபிங் பாக்ஸ் என்பார்கள். நாம் கயிற்றுக் கூடு என்றே சொல்லிக்கொள்வோம். அந்தக் கூட்டுக்குள் கயிற்றை வளையம் வளையமாக அடுக்கி, இரண்டு போல்ட் வைத்த கிளாண்டு மூடியால் அமுக்கிவிடுகிறோம்.

கடலில் போகிற விசைப்படகுகளிலும் இதே வேலை உண்டு. எஞ்சின் படகுக்குள்ளே, விசிறி வெளியே தண்ணீருக்குள்ளே. இரண்டையும் இணைக்கிற தண்டு படகின் அடிப்பகுதி வழியாகப் போகிறது. அந்த ஓட்டையில் பல படகுகளில் இதே மாதிரிக் கயிற்றைத்தான் அடைக்கிறார்கள். அங்கே அளவு தப்பினால் படகுக்குள் கடல்நீர் வந்துவிடும். நம் பம்பில் அளவு தப்பினால் ஆபத்து வேறு வகையில் வருகிறது.

எப்படி என்று கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் கீழே இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் பம்ப் தன் வாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியில் உள்ள காற்று கிணற்றுத் தண்ணீரை அழுத்தி, சக்சன் பைப்பின் வழியாக மேலே தள்ளுகிறது. ஏட்டுக் கணக்கில் இப்படி 34 அடி வரை ஏற்றலாம். நடைமுறையில் 20 முதல் 22 அடிதான். இதற்கிடையில் கயிற்றுக் கூட்டிலோ சக்சன் பைப் இணைப்பிலோ ஒரு சின்னச் சந்து இருந்தால், தண்ணீருக்கு முன்னால் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் டெலிவரி பைப்பில் தண்ணீர் விட்டு விட்டு வரும், குறைந்து வரும், கடைசியில் நின்றே போகும். கோடையில் கிணற்று மட்டம் இறங்க இறங்க இந்தத் தொல்லை கூடும். "மழைக்காலத்தில் நல்லா எடுத்துச்சுங்க, மாசியிலிருந்து மக்கர் பண்ணுது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று தடவை மாற்றிய கயிறு

கொங்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. ஒன்றரை ஏக்கரில் இறவைக் கடலை போட்டிருந்தார். பம்பில் தண்ணீர் பீறிட்டு ஒழுகுகிறது, கடைசிப் பாத்தி நாலும் நனையவில்லை என்று சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தேன்.

"கயிறு மாத்திப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"இந்தப் பட்டத்துல மூணு தடவை மாத்திட்டனுங்க சார். பத்து நாள் தாங்குது, அப்புறம் பழையபடி ஊத்துது. கயிறே போலிச் சரக்குங்க" என்றார்.

"கடையில் என்ன அளவு சொல்லி வாங்கினீங்க?"

"அளவெல்லாம் எதுக்குங்க? பழைய கயித்துத் துண்டைக் கையில கொண்டுபோய்க் காட்டுனேன். அதே மொத்தத்துல குடுத்தாங்க."

பக்கத்தில் நின்ற அவருடைய சம்சாரம் சொன்னார்: "நானும் சொல்லிட்டேதானுங்க இருக்கேன். முடுக்க முடுக்கத் தண்டு கொதிக்குதுங்க. கை வெக்க முடியல."

பிரித்துப் பார்த்தோம். கூட்டின் இடைவெளி மூன்று நூல். அவர் போட்டிருந்தது இரண்டு நூல் கயிறு. சந்து அடையவில்லை என்று மூடியை முடுக்கியிருக்கிறார். கயிறு நசுங்கித் தண்டை ஒரு பக்கம் கவ்வியிருக்கிறது, மறு பக்கம் தண்ணீர் போக வழி விட்டிருக்கிறது. தண்டின் மேல் உள்ள ஸ்லீவில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. கயிறு போலி இல்லை. அளவெடுத்த இடம்தான் தப்பு.

இந்த விஷயத்தைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கயிறு மாதக்கணக்கில் நசுங்கி, எண்ணெய்ப் பசை போய், தேய்ந்து வெளியே வருகிறது. புதிதாக இருந்தபோது இருந்த மொத்தம் அதில் இல்லை. காய்ச்சலில் கிடந்து இளைத்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, அவர் உடம்பு தேறிய பிறகு பொத்தான் போடவே சேராது. பழைய கயிற்றை அளந்து புதுக் கயிறு வாங்குவதும் அப்படித்தான். அளக்க வேண்டியது கயிற்றை அல்ல, கயிறு உட்கார வேண்டிய இடைவெளியை.

முதலில் பாதுகாப்பு

பம்பில் கை வைப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தானாகவே மோட்டாரை ஓட வைக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் இன்று பல தோட்டங்களில் இருக்கிறது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது என்று நம்பித் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்தால் விரல் போய்விடும். ஆட்டோ ஸ்டார்ட்டரை மட்டும் அணைப்பது போதாது. பியூஸ் உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

பிறகு கிளாண்டு மூடியின் நட்டுகளைக் கழற்றி, மூடியைத் தண்டின் மேலேயே பின்னுக்குத் தள்ளுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கி போல வளைத்து, பழைய கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுங்கள். எத்தனை வளையம் வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். சில பம்புகளில் நடுவே ஓட்டைகள் உள்ள ஒரு பித்தளை வளையம் வரும். அதை லாண்டர்ன் ரிங் என்பார்கள். அதற்கு முன்னால் எத்தனை கயிறு, பின்னால் எத்தனை கயிறு என்று குறித்து வையுங்கள். பம்பின் உடம்பிலிருந்து வருகிற சின்னத் தண்ணீர்க் குழாயின் துளைக்கு நேராக அந்த வளையம் இருக்க வேண்டும். இடம் மாறினால் அந்தத் தண்ணீர் தண்டுக்குப் போய்ச் சேராது.

"உள்ளே கிடக்கிறது கிடக்கட்டும், மேலே ஒன்று வைத்து அடித்துவிடலாம்" என்ற வேலை வேண்டாம். அடியில் கிடக்கிற பழைய கயிறு கட்டையாக இறுகியிருக்கும். அதன் மேல் வைக்கும் புதுக் கயிறு சரியாக உட்காராது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கூட்டையும் தண்டையும் துணியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள்.

தண்டைத் தடவிப் பாருங்கள்

கயிறு உட்காரும் இடத்தில் தண்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் நல்லது. நகம் பள்ளத்தில் மாட்டினால் ஸ்லீவைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். பள்ளம் விழுந்த தண்டின் மேல் எவ்வளவு உயர்ந்த கயிறு போட்டாலும், அரம் வைத்துத் தேய்த்ததுபோல் சில நாட்களில் அறுந்துபோகும்.

அடுத்து, தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் தேய்ந்தால் தண்டு ஒரு பக்கம் இறங்கிவிடும். அப்போது மேலே இடைவெளி அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கும். இந்த நிலையில் எந்த அளவுக் கயிறும் சரிப்படாது. முதலில் பேரிங்கை மாற்றுங்கள். பேரிங் செய்ய வேண்டிய வேலையைக் கயிறு செய்யாது.

அளவெடுக்கும் முறை

இனி அளவுக்கு வருவோம். நமது பட்டறைகளிலும் தச்சு வேலையிலும் ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்று சொல்கிறோம். எட்டு நூல் ஒரு அங்குலம். இந்தக் கணக்கு உங்களுக்குப் பழக்கமானது என்பதால் இதிலேயே சொல்கிறேன்.

இரண்டு அளவு வேண்டும். ஒன்று, கயிற்றுக் கூட்டின் உள்வாய் அகலம். மற்றொன்று, தண்டின் விட்டம். ஸ்லீவ் போட்டிருந்தால் ஸ்லீவின் வெளி விட்டம்.

காலிப்பர் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் அளக்கலாம். தண்டின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் கோடு போட்டு, பிரித்து அளந்து, வந்த அளவை 22-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் விட்டம் வந்துவிடும். கூட்டின் உள்வாயில் தண்டு குறுக்கே நிற்பதால் குச்சியை நேராக வைக்க முடியாது. ஆகையால் இடைவெளியை நேராகவே அளப்பது சுலபம். அதை அடுத்துச் சொல்கிறேன். தண்டைக் கழற்றியிருந்தால், ஒரு குச்சியை உள்வாய்க்குச் சரியாகச் சீவிக் குறுக்கே வைத்துப் பார்த்து, அந்தக் குச்சியை அளந்துகொள்ளலாம்.

இப்போது கணக்கு. கூட்டின் உள்வாய் 2 அங்குலம், அதாவது 16 நூல் என்று வைத்துக்கொள்வோம். தண்டு ஒன்றேகால் அங்குலம், அதாவது 10 நூல். பதினாறில் பத்துப் போனால் மீதி 6 நூல். இந்த ஆறு நூலும் தண்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்த இடைவெளி. அதில் பாதி 3 நூல். உங்களுக்கு வேண்டிய கயிறு 3 நூல் கயிறு. அவ்வளவுதான்.

பாதியாக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஆறு நூல் கயிறு கேட்டுக் கடைக்காரரைத் திண்டாட வைப்பீர்கள்.

தண்டு உள்ளே இருக்கும்போது அளக்கச் சுலபமான வழி இது. ஒரு துவரைக் குச்சியை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். திணிக்காமலும் ஆடாமலும் போய் நிற்க வேண்டும். அந்தக் குச்சியின் மொத்தம்தான் கயிற்றின் மொத்தம். டிரில் பிட் இருந்தால் அதன் வழவழப்பான வால் பகுதியை நுழைத்துப் பார்க்கலாம். அதில் அளவு பொறித்தே இருக்கும். எதை வைத்து அளந்தாலும் மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமும் அளந்து பாருங்கள். நாலும் ஒன்றாக இருந்தால் அளவு சரி. வித்தியாசம் இருந்தால் பேரிங்கைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இப்போது மில்லிமீட்டரில் கேட்பார்கள். இரண்டு நூல் என்றால் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை நூல் 8 மில்லிமீட்டர். மூன்று நூல் ஒன்பதரை மில்லிமீட்டர். நாலு நூல் பன்னிரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சீவிய குச்சியையே கடைக்குக் கொண்டுபோனால் சந்தேகமே இல்லை.

கயிறு சதுரக் கயிறாக இருக்க வேண்டும். கிராபைட் அல்லது கிரீஸ் ஏற்றிய பருத்திக் கயிறு சாதாரணத் தண்ணீர் பம்புக்குப் போதும். முன்பு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு அதிகமாகப் புழங்கியது. அதன் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய் வரும், புற்றுநோயும் வரலாம். ஆகவே ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத கயிறு என்று கேட்டு வாங்குங்கள். பம்பில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருப்பதாகத் தெரிந்தால், ஈரமாக வைத்தே எடுங்கள். ஊதித் தட்டாதீர்கள்.

சிறியதும் பெரியதும்

"அரை நூல் கூடக் குறைய இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய கயிற்றை அகலமாக்குவதற்கு மூடியை அளவுக்கு மேல் முடுக்க வேண்டியிருக்கும். அது தண்டைக் கவ்வும். பெரிய கயிற்றைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கித் திணித்தால் அதன் பின்னல் நூல்கள் அறுந்துவிடும். அறுந்த கயிறு தண்டு சுழலும்போது பிய்ந்து பிய்ந்து வெளியே வரும்.

உரசல் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஒன்றேகால் அங்குலத் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் மேற்பரப்பு சுமார் 10 சென்டிமீட்டர் நகர்கிறது. மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடினால், ஒரு மணி நேரத்தில் எட்டரைக் கிலோமீட்டருக்கு மேல் கயிற்றின் மேல் தண்டு உரசி ஓடுகிறது. ஆறு மணி நேரம் பாய்ச்சினால் ஐம்பது கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் கயிறு அளவுக்கு மேல் இறுகியிருந்தால் சூடு ஏறாமல் என்ன செய்யும்?

நீளமும் எண்ணிக்கையும்

கயிற்றை ஒரே நீளமாகப் பாம்பு சுற்றுவதுபோல் சுற்றி வைக்கிறார்கள். இது தவறு. சுற்றின் சந்து வழியாகவே தண்ணீருக்கும் காற்றுக்கும் பாதை கிடைத்துவிடும். ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாக வெட்ட வேண்டும்.

தண்டின் விட்டமே உள்ள ஒரு பைப்புத் துண்டையோ மரக்கட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் கயிற்றைச் சேரச் சேரச் சுற்றி, கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டினால் எல்லா வளையமும் ஒரே அளவாக வரும். முனைகளைச் சாய்வாக வெட்டினால் ஒன்றின் மேல் ஒன்று நன்றாகப் படியும். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் ஒரு வளையத்தின் நீளம் ஐந்து அங்குலமும் ஒரு நூலும் வரும். முதல் வளையத்தைக் கூட்டில் வைத்துப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொள்ள வேண்டும். நடுவே சந்தும் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது.

எத்தனை வளையம் என்பதற்குக் கூட்டின் ஆழத்தை அளந்து பாருங்கள். ஆழம் 14 நூல் என்றால், மூடியின் மூக்கு உள்ளே நுழைய 2 நூல் விட்டுவிடுங்கள். மீதி 12 நூல். மூன்று நூல் கயிறானால் நாலு வளையம். பித்தளை வளையம் இருந்தால் அதன் அகலத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். நாலு வளையத்துக்கு மொத்தம் இருபதரை அங்குலம். வெட்டுச் சேதாரத்துக்கும் சேர்த்து இரண்டடி வாங்கினால் தாராளம்.

பொருத்தும் விதம்

வளையத்தைத் தண்டின் மேல் போடும்போது நேராக விரித்து இழுக்காதீர்கள். ஒரு முனையை முன்னும் மறு முனையை பின்னுமாகத் திருகி விரித்துப் போடுங்கள். முதல் வளையத்தின் வாய் மேலே இருக்கட்டும். இரண்டாவதன் வாய் கீழே. மூன்றாவது இடப்பக்கம், நாலாவது வலப்பக்கம். வாய்கள் ஒரே நேராக வந்தால் அந்த வழியாகவே ஒழுகும்.

ஒவ்வொரு வளையத்தையும் மூங்கில் துண்டால் அடி வரை தள்ளி உட்கார வைத்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். ஸ்குரூ டிரைவரால் குத்தித் தள்ளினால் தண்டில் கீறல் விழும். கடைசியில் மூடியை நேராக வைத்து, இரண்டு நட்டையும் விரலால் மட்டும் முடுக்குங்கள். தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் சிரமமில்லாமல் சுற்ற வேண்டும்.

இனி பியூஸைப் போட்டு, பிரைமிங் செய்து, மோட்டாரை ஓட விடுங்கள். ஆரம்பத்தில் தண்ணீர் தாராளமாகவே ஒழுகும். பயப்பட வேண்டாம். உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடட்டும். பிறகு மோட்டாரை நிறுத்தி, இரண்டு நட்டையும் சமமாக, ஆறில் ஒரு சுற்று மட்டும் முடுக்குங்கள். அதாவது நட்டின் ஒரு பட்டை அளவு. மறுபடி ஓட விட்டுப் பாருங்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்து, நிமிஷத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழுகிற நிலையில் விட்டுவிடுங்கள்.

சொட்டு விழ வேண்டுமா?

"முழுசா நிறுத்திடலாமே, எதுக்குங்க சொட்ட விடணும்?" என்று அந்தக் கொங்கு விவசாயியும் கேட்டார். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் தண்டையும் கயிற்றையும் குளிர வைக்கிறது, வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. அதை நிறுத்தினால் கயிறு கருகும், தண்டு அறுபடும், மோட்டாருக்கும் வீண் சுமை.

அதனால் ஆகும் நஷ்டம் எவ்வளவு? ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும்போது 20 சொட்டு ஒரு மில்லி என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் நிமிஷத்துக்கு 60 சொட்டு என்றால் 3 மில்லி. ஒரு மணிக்கு 180 மில்லி. எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை லிட்டருக்குள்தான். ஒரு செம்புத் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போய் ஸ்லீவைப் பலி கொடுக்கலாமா?

சக்சன் இணைப்பிலும் இதே விதி

கயிறு சரியாக இருந்தும் பம்ப் தண்ணீர் எடுக்க மறுத்தால், சக்சன் பைப்பின் பிளாஞ்ச் இணைப்புகளைப் பாருங்கள். டெலிவரி பக்கம் சந்து இருந்தால் தண்ணீர் பீறிட்டுக் கண்ணுக்குத் தெரியும். சக்சன் பக்கம் சந்து இருந்தால் காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாது. பம்ப் ஓடும்போது இணைப்பின் அருகே ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை இணைப்புக்குள் இழுபட்டால் அங்கேதான் கோளாறு. நிறுத்திய பிறகு பிரைமிங் தண்ணீர் நிறைய ஊற்றிப் பார்த்தாலும், சந்து உள்ள இடத்தில் ஈரம் கசியும்.

அங்கே போடுகிற ரப்பர் பேக்கிங்கையும் பழையதை வைத்து வெட்டாதீர்கள். அது நசுங்கிப் பிதுங்கி அளவு மாறியிருக்கும். பிளாஞ்சின் முகத்தைச் சுத்தம் செய்து, லேசாகக் கிரீஸ் தடவி, ரப்பர் ஷீட்டை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். வட்டமும் போல்ட் ஓட்டைகளும் அச்சுப்போல் விழும். அந்த அச்சின்படி வெட்டுங்கள். நடு ஓட்டை பைப்பின் உள்வாயை விடச் சிறிதாகிவிடக் கூடாது. சிறிதானால் ரப்பர் உள்ளே நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். போல்ட்டுகளை வரிசையாக முடுக்காமல், ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்ததாக முடுக்குங்கள். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டுவது அன்றைக்குப் பொழுது போக்கும், அதற்கு மேல் தாங்காது.

ஃபுட் வால்வின் வாஷரும் அப்படித்தான். பழைய வாஷரை அளக்காமல், அது மூட வேண்டிய வாயை அளந்து, சுற்றிலும் சமமாக மூடும்படி வெட்டிப் போடுங்கள்.

விவசாயப் பெருமக்களே, 1990-இல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. மின்சாரத்துக்குக் காசு இல்லை என்பதால் பம்பில் உள்ள குறையைக் கண்டுகொள்ளாமல் கூடுதல் நேரம் ஓட்டிச் சமாளிக்கிறோம். ஆனால் மும்முனை மின்சாரம் எல்லா இடத்திலும் நாள் முழுக்கத் தடையில்லாமல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்கிற நேரத்துக்குள் கடைசிப் பாத்தி வரை பாய்ந்தாக வேண்டும். காற்று வாங்குகிற பம்ப் அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது. அந்தக் கடலைக்காரர் ஸ்லீவை மாற்றி, மூன்று நூல் கயிற்றை முறையாகப் போட்ட பிறகு, விட்டுப்போன நாலு பாத்திக்கும் மறுநாளே தண்ணீர் போய்விட்டது. ஏற்கெனவே வாடிப்போன செடிகளில் காய் குறைந்ததென்னவோ நிஜம்.

ஆகையால் கோடைப் பட்டம் தொடங்கும் முன்பே ஒரு நாள் ஒதுக்கி, பியூஸைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கூட்டை அளந்து பாருங்கள். கூட்டின் உள்வாய் எத்தனை நூல், தண்டு எத்தனை நூல், கயிறு எத்தனை நூல், எத்தனை வளையம் என்ற நாலு கணக்கையும் மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். அதே அளவில் இரண்டடிக் கயிறு வாங்கி அங்கேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். வேண்டிய சமயத்தில் கடையைத் தேடி ஓட வேண்டியிருக்காது.